நாய்க்குட்டி எவ்வளவு வளரும்? தீனியை எப்போது மாற்றுவது?



சுகாதாரப் பக்கத்தில் இம்முறை நாய்க்குட்டியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், "டிரஸ்ஸருக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். காரணம் இல்லாமல் நான் எழுத வரவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, பிரட்டு முடிந்து, மருந்துக்கு வந்த கூட்டமும் கலைந்துவிட்ட நேரம். செம்பனைக் காட்டில் உரம் போடும் ஓர் அம்மா தம் ஐந்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் கையில் சாரோங் துணியில் சுற்றிய ஒரு நாய்க்குட்டி.

"ஐயா, இது மூணு மாசக் குட்டிங்க. வவுறு நெறையத் திங்குது. ஆனா வளரவே மாட்டேங்குது. இது செத்துப் போயிடும்னு தம்பி ராத்திரியெல்லாம் அழுவுறான். ஒரு மருந்து குடுங்கய்யா" என்றார்.

"நான் மனுசருக்கு மருந்து கொடுக்கிறவன் அம்மா" என்று சொல்லிக்கொண்டேதான் குட்டியை வாங்கிப் பார்த்தேன். வயிறு பானை போல் உப்பியிருந்தது. முதுகெலும்பு கையில் குத்தியது. வாயைத் திறந்து பார்த்தால், முன்பற்களில் பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்திருந்தது. அப்படியானால் மூன்று மாதம் இல்லை, நாலு மாதம் தாண்டிவிட்டது. பையனை எடை மிஷினில் தனியாக நிறுத்தினேன்: 16 கிலோ. குட்டியோடு நிறுத்தினேன்: 19 கிலோ. ஆக, குட்டி மூன்றே கிலோ.

அப்போதுதான் பையனின் பாதத்தைக் கவனித்தேன். சிவப்புக் கோடு ஒன்று நெளிந்து நெளிந்து ஓடியிருந்தது. "அரிக்குதாடா தம்பி?" என்றேன். "ராத்திரியில ரொம்ப அரிக்குது மாமா" என்று அழுதான். பிள்ளை அழுதது குட்டிக்காக மட்டும் அல்ல. அது நாயின் கொக்கிப்புழு. குட்டியின் வயிற்றில் இருந்த புழு, வாசல் மணல் வழியாகப் பிள்ளையின் தோலுக்குள் நுழைந்துவிட்டது.

நாய்க்குட்டியின் வளர்ச்சியை நாம் ஏன் கவனிக்க வேண்டும் என்பது இப்போது புரிந்திருக்கும். குட்டி வளராவிட்டால் அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் பல சமயம் நம் பிள்ளைகளையும் தொடும்.

எவ்வளவு பெரிதாகும்?

பாதம் பெரிதாக இருந்தால் நாயும் பெரிதாகும் என்று பலர் சொல்வார்கள். அதை மட்டும் நம்பிவிட முடியாது. தாய் நாயைப் பார்ப்பதுதான் நல்லது. தகப்பன் எது என்று தெரிந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது எடை. நம் தோட்டத்து நாட்டு நாய்கள் நடுத்தர உருவம். நன்றாக வளரும் நாட்டுக் குட்டி நாலு மாதத்தில் தன் முழு எடையில் ஏறக்குறையப் பாதியை எட்டிவிடும். நாலு மாதத்தில் 7 கிலோ இருந்தால், வளர்ந்தபின் 14, 15 கிலோ வரும் என்று வைத்துக்கொள்ளலாம். சிறிய சாதி நாய்கள் இந்தப் பாதியைக் கொஞ்சம் முன்னதாகவே எட்டும். அல்சேஷன் போன்ற பெரிய சாதிக்கு ஐந்து மாதம் ஆகும். ஆனால் புழுவோ பட்டினியோ உள்ள குட்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

வயது தெரியாவிட்டால் பல்லைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பால்பல் 28-ம் வந்துவிடும். நாலு மாதம் நெருங்கும்போது முன்பல் விழுந்து முளைக்கத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் 42 பல்லும் நிலையான பல்லாகிவிடும்.

கைவிரல் பரிசோதனை

எடை மிஷின் இல்லாதவர்கள் கையால் பார்க்கலாம். விலா மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவுங்கள். எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால் தூரத்திலிருந்தே எண்ணும்படி துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் ஒடுங்கியிருக்க வேண்டும். அழுத்தித் தேடினால்தான் விலா கிடைக்கிறது என்றால் தீனி அதிகம். விலா தெரிகிறது, வயிறு மட்டும் உப்பியிருக்கிறது என்றால் முதலில் புழுவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தீனியை மாற்றும் காலம்

மூன்று, நாலு வாரத்தில் குட்டிக்கு குழைந்த உணவைக் காட்டலாம். எட்டு வாரத்துக்குள் தாய்ப்பாலை மறந்துவிடும். அதன்பின் மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை போதும்.

அந்த அம்மா குட்டிக்குக் கொடுத்தது சோறும் தேத்தண்ணிக்கு ஊற்றும் டின் பாலும். டின் பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. தாய் நாயின் பாலில் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்குக் குறையாத புரதமும் கொழுப்பும் உண்டு. ஆகவே டின் பால் அதற்கு ஈடாகாது, வயிற்றுப்போக்குத்தான் வரும். வெறும் சோறும் குழம்பும் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. குழைந்த சோற்றோடு வேகவைத்த கோழி, ஈரல், முட்டை அல்லது முள் எடுத்த மீன் சேர்க்க வேண்டும். அப்படியும் சுண்ணாம்புச் சத்து குறையும். ஆகவே வசதி உள்ளவர்கள் கடையில் விற்கும் குட்டி நாய்த் தீனியைக் கொடுப்பது நல்லது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. மிஞ்சிய கறிக்குழம்பை ஊற்றாதீர்கள். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

குட்டித் தீனியிலிருந்து பெரிய நாயின் தீனிக்கு மாற்றுவது வளர்ச்சி முடியும் சமயத்தில். சிறிய சாதிக்கு ஒன்பது, பத்து மாதம். நாட்டு நாய்க்கு ஏறக்குறைய ஒரு வருடம். பெரிய சாதிக்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம். மாதம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் எடை ஏறாமல் நின்றால், நாயும் திடமாக இருந்தால், மாற்றலாம்.

ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதுத் தீனி, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால். ஒரு வாரத்தில் முழுதும் மாறிவிடும்.

நான் செய்த தவறு

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். இளம் வயதில் வேறொரு தோட்டத்தில் இருந்தபோது அல்சேஷன் கலப்புக் குட்டி ஒன்று வளர்த்தேன். மற்ற நாய்களைவிடப் பெரிதாக வேண்டும் என்ற ஆசை. தினம் முட்டை, அதோடு சுண்ணாம்புச் சத்துப் பொடி. மருந்து தெரிந்தவன் என்ற கர்வம் வேறு. ஆறு மாதத்தில் முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்துவிட்டன. "பெரிய சாதிக் குட்டியை அவசரப்படுத்தி வளர்க்கக் கூடாது. அதிகப்படி சுண்ணாம்புச் சத்தை அதன் உடம்பு தள்ள முடியாது" என்றார் மிருக வைத்தியர். அது சாகும்வரை நொண்டியே நடந்தது. அது வாசலுக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தலை குனியும்.

புழுவும் ஊசியும்

குட்டிக்குப் புழு தாய் வயிற்றிலேயே வந்துவிடும், தாய்ப்பாலிலும் வரும். ஆகவே இரண்டு வார வயதிலிருந்தே, எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் புழு மருந்து கொடுக்க வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது. கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். பிள்ளைக்கு வாங்கிய மருந்தை ஊற்றாதீர்கள்.

நாயின் உருண்டைப் புழு முட்டை கை வழியாகப் பிள்ளையின் வாய்க்குள் போனால், அந்தக் குஞ்சுப் புழு ஈரலுக்கும் போகும், கண்ணுக்கும் போகும். மலத்தில் விழுந்த முட்டை உடனே ஒட்டாது. நாளாகி மண்ணில் பக்குவப்பட்ட பிறகுதான் ஒட்டும். அதனால் தினம் தினம் மலத்தை அள்ளிப் புதைத்துவிட்டால் பாதி ஆபத்து நீங்கும். பிள்ளைக்குச் செருப்பு, சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவல், இரண்டும் கட்டாயம்.

வெறிநாய்க்கடி நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் தலைகாட்டியதை மறக்க வேண்டாம். மூன்று மாதத்தில் அதற்கான ஊசியைப் போட்டுவிடுங்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருந்தகத்துக்கு வாருங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

இன்னொன்று. நம் தோட்டங்களில் நாயைத் தொடக் கூடாத மார்க்கத்தைச் சேர்ந்த தொழிலாளர்களும் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். நம் நாய் அவர்கள் வாசலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

அந்தப் பையனை வருகை டாக்டரிடம் காட்டி மாத்திரை கொடுத்தோம். சில நாளில் அரிப்பு நின்றது. குட்டியை அந்த அம்மாவின் வீட்டுக்காரர் பட்டணத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் புழு மருந்து வாங்கினார். ஆறு வாரம் கழித்து மறுபடியும் என் எடை மிஷினில் பையனும் குட்டியும் ஏறினார்கள். குட்டி ஐந்தரை கிலோ!

"இன்னும் எவ்வளவு பெருசாகும் மாமா?" என்று பையன் கேட்டான். தாய் நாய் 12 கிலோ இருக்கும் என்று அம்மா சொன்னார். "உன் அளவுக்கு வராதுடா. ஆனா உன் வீட்டைக் காக்கிற அளவுக்கு வரும்" என்றேன்.

விடியலில் வேலைக்குக் கிளம்பும் தாய்மார்களுக்குத் துணை, வீட்டுக்குக் காவல் என்று நாம் நாயை வளர்க்கிறோம். நம்மைக் காக்கும் உயிருக்குக் கணக்குப் பார்த்துத் தீனி போடுங்கள், மருந்து கொடுங்கள். அடுத்த இதழில், வெயிலில் வேலை செய்கிறவர்கள் தண்ணீர் குடிக்க வேண்டிய முறையைப் பற்றி எழுதுகிறேன்.