ஆடும் தொப்பியும் ஆடாத தலையும்

(இளங்கலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் சிரசின் மேல் எதை வைத்தாலும் காண்பவர் கண்ணில் முதலில் படுவது அதுவே. வைத்த பொருள் அசைந்தால், சுழன்றால், துள்ளினால் கேட்க வேண்டியதில்லை. கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்க்கும். இப்படி அசையும் அலங்காரங்கள் பொருத்திய வேடிக்கைத் தொப்பிகளைச் செய்யும் முறை பற்றியே இக்கட்டுரையில் எழுத எண்ணுகிறேன். இதில் நான் தேர்ந்தவன் அல்லன். ஒரு தொப்பி செய்து தோற்றவன். இரண்டாவது தொப்பியில் ஓரளவு கற்றவன். அவ்வளவே.

தோல்வி தந்த தொடக்கம்

சென்ற ஆண்டுக் கல்லூரி நாள் விழாவிற்காக எங்கள் விடுதி மாணவர்கள் ஒரு நகைச்சுவை நாடகம் தயாரித்தோம். தன்னை மாவீரன் என்று பறைசாற்றிக்கொண்டு, பல்லி விழுந்தாலும் நடுங்கும் ஓர் அரசனின் கதை அது. அரசனாக நடிக்க வந்தவன் என் அறைத் தோழன். நாலு பேர் முன் நின்று பேசவே கூச்சப்படுபவன். மேடையேறுவது அவனுக்கு அதுவே முதல் முறை. அவனுக்குச் சுழலும் மயில் வைத்த மணிமுடி செய்து தரும் பொறுப்பை நான் ஏற்றேன்.

ஒட்டுப்பலகையில் வட்டம் அறுத்தேன். பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டார், இரண்டு பெரிய டார்ச் செல்கள், தகரத்தில் வெட்டிய மயில் ஆகியவற்றை ஆணியும் மரையும் போட்டு இறுக்கினேன். பொத்தானை அழுத்தியதும் மயில் விர்ரென்று சுழன்றது. விடுதியே கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒத்திகையில் நிகழ்ந்தது வேறு. அமைச்சரைக் கண்டு அரசன் குனிய வேண்டிய இடம் வந்தது. தோழன் குனிந்தான். மணிமுடி முன்னால் சரிந்து, பலகையின் விளிம்பு அவன் புருவத்தின் மேல் இடித்துக் கிழித்தது. இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. அவன் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "நான்தான்டா சரியாகக் குனியவில்லை" என்றான். அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

மறுநாள் எங்கள் விரிவுரையாளர் அந்த முடியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை நீ எத்தனை நிமிடம் அணிந்து பார்த்தாய், தம்பி?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடையில்லை. ஒரு நிமிடம்கூட நான் அதை அணிந்து பார்த்ததில்லை.

அசைவு எங்கிருந்து வருகிறது?

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இத்துறையில் பிறர் என்ன செய்திருக்கிறார்கள் என்று நூலகத்தில் தேடலானேன். தொப்பியின் அலங்காரத்தை அசைப்பதற்கு மூன்று வழிகள் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

முதல் வழி காற்று. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் காடிலாக் என்னும் ஊரில், 1947ஆம் ஆண்டு, ரே நெல்சன் என்ற பள்ளி மாணவர் ஒரு குல்லாயின் உச்சியில் விசிறி பொருத்தினார். பிளாஸ்டிக் பட்டை, கம்பி, மணிகள், பொம்மை விமானத்தின் விசிறி ஆகியவையே அவருடைய பொருள்கள். அறிவியல் கதைகளை விரும்பிப் படிக்கும் நண்பர்கள் நடுவே விளையாட்டாகத் தோன்றிய அந்தக் குல்லாய், பின்னர் தொலைக்காட்சிப் பொம்மலாட்டத் தொடர் ஒன்றின் வழியாக நாடெங்கும் பரவியது. நம் ஊர்ச் சிறுவர்கள் பனையோலையைக் கருவேல முள்ளில் கோத்துக்கொண்டு ஓடும் காற்றாடியும் இதே தத்துவம்தான். ஆனால் ஓடினால்தான் சுழலும். மேடையில் நின்று பேசும் அரசனுக்குப் பயன்படாது.

இரண்டாம் வழி பொறி. 1896ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமெரிக்காவின் ஸ்போகேன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் பாயில் என்பவர் ஒரு விந்தையான தொப்பிக்குக் காப்புரிமை பெற்றார். இரு கைகளிலும் சுமையிருக்கும்போது எதிரே பெரியவர் வந்தால் தொப்பியை எப்படி உயர்த்தி வணங்குவது? பாயில் தொப்பிக்குள் கடிகாரம் போன்ற ஒரு பொறியை வைத்தார். அணிந்தவர் தலை வணங்கினால் உள்ளிருக்கும் எடை அசைந்து, முறுக்கி வைத்த வில்லை விடுவிக்கும். தொப்பி தானே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் அமரும். அதன்மேல் விளம்பர அட்டை வைக்கலாம் என்றும் அவர் யோசனை சொல்லியிருந்தார். படிக்கச் சிரிப்பு வந்தது. அத்துடன் என் மோட்டாரும் நினைவுக்கு வந்தது. பொறி என்றாலே எடை. அந்த எடையைச் சுமப்பது கழுத்து.

மூன்றாம் வழி அணிந்தவரின் உடலே. பழைய சீன நாடகங்களில் அதிகாரி வேடமிடுபவர் கறுப்புத் தொப்பி அணிவார். அதன் இருபுறமும் நீண்ட சிறகுகள் சுருள்வில்லின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். பாத்திரத்தின் மனம் கலங்கும்போது வாய் பேசாது, சிறகுகள் துடிக்கும். தேர்ந்த நடிகர்கள் ஒரு சிறகை அசையாமல் நிறுத்தி, மற்றொன்றை மட்டும் ஆட்டிக் காட்டுவார்களாம். ஷான்சிப் பகுதி நாடக மரபில் இது பேர்பெற்ற கலை. ஐரோப்பாவிலும் 18ஆம் நூற்றாண்டில் சீமாட்டிகள் கூந்தலில் செருகிய மணிப்பூக்களை மெல்லிய சுருள்கம்பியில் நிறுத்தினார்கள். அணிந்தவர் மூச்சுவிட்டாலும் அந்தப் பூக்கள் நடுங்கும்.

நடுங்கும் அரசனுக்கு நடுங்கும் முடி! எனக்கு வேண்டியது இதுவே என்று தெளிந்தேன்.

கரகத்தின் பாடம்

சீனம் வரை போன எனக்கு வழிகாட்டியவர் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு ஆட வந்த ஒரு மூத்த கரகாட்டக் கலைஞர். ஆட்டக் கரகத்தின் உச்சியில் ஒரு கிளி இருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஆடுபவரின் அசைவுக்கேற்ப அதுவும் ஆடும். மோட்டார் இல்லை, செல் இல்லை. குடத்தை ஏந்தி ஆடும் குடக்கூத்தைச் சிலப்பதிகாரம் கூறும் பதினோராடல்களுள் ஒன்றாகப் படித்திருக்கிறோம். ஆனால் கரகக் கிளி எப்படி ஆடுகிறது என்று நான் அதுவரை சிந்தித்ததே இல்லை.

ஆட்டம் முடிந்து அவர் திண்ணையில் அமர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தலையில இருக்கிறது ஆடக்கூடாது தம்பி. அது மேல இருக்கிற கிளிதான் ஆடணும். சட்டியே ஆடினா கிளிக்கு என்ன மரியாதை? அது சரி, அந்தப் பிள்ளை தலைக்குச் சும்மாடு வச்சியா?"

"இல்லீங்கம்மா."

"பாரம் தூக்குறவளுக்குத் தெரியும் சும்மாட்டோட அருமை" என்றார்.

நான் படித்த நிலையியல் முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருந்தது.

கணக்குச் சொல்லும் உண்மை

என் முதல் முடியின் எடை ஒன்றேகால் கிலோ. அதன் ஈர்ப்பு மையம் நெற்றிப் பட்டைக்கு மேல் 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. தலை 30 டிகிரி சாயும்போது அது கவிழ்க்க முயலும் திருப்புதிறன் 1250 × 25 × ½, அதாவது 15,625 கிராம்-சென்டிமீட்டர். இரண்டாவது முடியின் எடை 240 கிராம். ஈர்ப்பு மையத்தின் உயரம் 12 சென்டிமீட்டர். அதே சாய்வில் திருப்புதிறன் 1,440 மட்டுமே. ஏறத்தாழப் பதினொரு மடங்கு குறைவு. எனவே முதல் விதி: எடையைக் குறை, இருக்கும் எடையைக் கீழே வை.

எடையைக் குறைக்க நெட்டியைப் போன்ற பொருள் இல்லை. பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலையை அறிவோம். தஞ்சைக் கைவினைஞர்கள் நெட்டியில் கோயிலையே செதுக்கிவிடுவார்கள். வெள்ளைக்காரத் துரைமார் அணிந்த சோலாத் தொப்பியும் நெட்டியில் செய்ததுதான். என் முடியின் சுவர் அட்டை. அதன் மேலுள்ள அலங்காரமெல்லாம் நெட்டி. உள்ளே பழைய வேட்டித் துணியைச் சுற்றிச் சும்மாடு வைத்துத் தைத்தேன். காதுக்குப் பின்னால் இரண்டு நாடாக்கள்.

நடுங்கும் இறகுகள்

இறகுகளுக்கு முதலில் கட்டுக்கம்பியைப் போட்டுப் பார்த்தேன். வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிட்டது. அதற்கு மீள்தன்மை போதாது. சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்தால் கிடைக்கும் மெல்லிய எஃகு இழைகளே பொருத்தமானவை. இங்கு ஒரு விதியை நினைவில் கொள்ள வேண்டும். கம்பியின் நீளத்தை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும். தடிமனை இரட்டித்தால் விறைப்பு 16 மடங்காகும். ஆகவே ஆட்டம் போதவில்லையெனில் கம்பியைச் சற்றே நீட்டினால் போதும்.

எவ்வளவு ஆட்டம் வேண்டும்? மனிதன் இயல்பாக நடக்கையில் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறான். இறகைச் சுண்டிவிட்டு 10 நொடிகளில் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். இருபதுக்கு அருகில் இருந்தால் நடையும் இறகும் ஒத்ததிர்வு கொள்ளும்; ஒவ்வோர் அடிக்கும் ஆட்டம் பெருகி, இறகு ஒன்றோடொன்று மோதும். நுனியில் ஒரு சிறு மணியைக் கோத்து எடை கூட்டினேன். எண்ணிக்கை பதினைந்தாகக் குறைந்தது. நடக்கும்போது மெல்ல அசைந்தது. உடல் பதறும்போது மட்டும் படபடத்தது.

திரும்பிப் பார்க்கும் கிளி

மயிலுக்குப் பதிலாக உச்சியில் நெட்டிக் கிளி ஒன்றை வைத்தேன். அது தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் தத்துவம். முடியின் நடுவில் ஓர் ஊசியைக் கூர் மேலிருக்குமாறு நிறுத்தினேன். டிச் பட்டனின் மேடான பாதிக்கு அடியில் சிறு குழி இருக்கும். அதைக் கிளியின் வயிற்றில் பதித்து, குழியை ஊசி முனையில் அமர்த்தினேன். கிளியின் இருபுறமும் கம்பிகளைக் கீழ்நோக்கி வளைத்து, தூண்டிலுக்குப் போடும் ஈயக் குண்டுகளை ஆளுக்கொன்றாகத் தொங்கவிட்டேன். ஈர்ப்பு மையம் ஊசி முனைக்குக் கீழே இறங்கிவிட்டதால், தலை சாய்ந்தாலும் கிளி நிமிர்ந்தே நிற்கும். 30 டிகிரி வரை சாய்த்துப் பார்த்தேன், விழவில்லை. ஆயினும் பாதுகாப்புக்காக ஒரு கறுப்பு நூலால் தளர்வாகக் கட்டினேன்.

எதிர்பாராத நன்மையும் ஒன்று கிடைத்தது. அரசன் சட்டென்று வலப்புறம் திரும்பினால், நிலைமத்தின் காரணமாகக் கிளி திரும்புவதில்லை; பழைய திசையையே பார்த்து நிற்கும். பின்பு மெதுவாகத் தானும் திரும்பும். அரசனுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று அது வேவு பார்ப்பதுபோல் இருந்தது.

இம்முறை அந்த முடியை முதலில் நான் அணிந்தேன். ஒரு மணி நேரம் அணிந்தபடியே படித்தேன், குனிந்தேன், மாடிப்படி ஏறி இறங்கினேன். சும்மாட்டை இரண்டு முறை மாற்றித் தைத்தேன். அதன் பிறகே தோழனிடம் கொடுத்தேன். அவன் தழும்பைத் தடவிக்கொண்டே வாங்கி, கண்ணாடி முன் நின்று தலையை ஆட்டிப் பார்த்தான். "டேய், இது என்னைவிட நல்லா நடிக்குதுடா" என்றான்.

மேடையில்

விழா நாளன்று அரசன், "அச்சமா? எனக்கா?" என்று முழங்கியபோது தலைமேல் இறகுகள் எல்லாம் வெடவெடவென்று நடுங்கின. அரங்கம் அதிரச் சிரித்தது. தோழனின் கூச்சத்தால் வந்த உண்மையான நடுக்கமும் அதில் கலந்திருந்தது என்பது எனக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும். காட்சி செல்லச் செல்ல அவன் கூச்சம் தெளிந்தான். இறுதிக் காட்சியில், தன் குடிகளுக்காக முதல் முறையாக உண்மையிலேயே துணிந்து நிற்கும் அரசன் அசையாமல் நின்றான். இறகுகள் அடங்கின. கிளியும் அடங்கியது. சிரித்துக்கொண்டிருந்த அரங்கமும் அமைதியாயிற்று.

நண்பர்களே, வேடிக்கைப் பொருள் செய்வது வேடிக்கையான வேலை அன்று. தொப்பி யார் கண்ணுக்கு என்று எண்ணுமுன் யார் தலைக்கு என்று எண்ண வேண்டும். அடுத்த மாறுவேடப் போட்டிக்கு நீங்களும் ஓர் ஆடும் தொப்பி செய்து பாருங்கள். பொருள்கள் எல்லாம் சைக்கிள் கடையிலும் தையல் பெட்டியிலுமே கிடைத்துவிடும். செய்து முடித்ததும் கைதட்டலுக்குக் காத்திராமல், முதலில் உங்கள் தலையில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். என் தோழனின் புருவத்தில் உள்ள தழும்பு எனக்குக் கற்பித்த பாடம் அதுவே.