தொண்டையில் ஒரு கோடு

மரங்களுக்கிடையே மூன்றே விநாடி தெரிந்து மறையும் சின்ன வேட்டைப் பறவை எது? இந்தக் கேள்வி பறவை ஆர்வலர்களின் கண்ணை மட்டுமல்ல, நேர்மையையும் சோதிக்கிறது.

முதலில் குரல் கொடுப்பது அணில்தான். தில்லி லோதி தோட்டத்தில் குளிர்காலக் காலை. அணில்கள் விடாமல் கத்துகின்றன. தவிட்டுக்குருவிகள் புதருக்குள் பாய்கின்றன. கிளைகளுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று சீறிப் போகிறது. சில வேகமான சிறகடிப்புகள், ஒரு மிதப்பு, மறுபடியும் சிறகடிப்பு. பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பார்த்தவர் தன் நோட்டில் என்ன எழுதுவது?

நகரத் தோட்டம் என்றால் 'ஷிக்ரா' என்று எழுதலாம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தமிழில் வல்லூறு எனப்படும் ஷிக்ரா, புறா அளவே உள்ள பறவை. ஓணான், எலி, அணில், சிறு பறவைகள் என்று கிடைத்ததைப் பிடித்துத் தின்று நாடெங்கும் வாழ்கிறது.

சிக்கல் அதன் உறவினர்களால் வருகிறது. அடர்ந்த காடுகளில் வாழும் பெஸ்ராவுக்கும், இமயமலையில் இனப்பெருக்கம் செய்து குளிர்காலத்தில் சமவெளிக்கு இறங்கும் ஸ்பாரோஹாக்குக்கும் ஏறத்தாழ இதே உருவம்தான். மரங்களுக்கிடையே வளைந்து பறக்க வசதியான குட்டையான, வட்டமான சிறகுகள். திருப்பத்துக்கு உதவும் நீண்ட வால். உடல் அளவை நம்பவும் வழியில்லை. இவற்றில் ஆணைவிடப் பெண் பெரிது. வேட்டைக்குப் பறவைகளைப் பழக்கிய அந்தக்காலத்து வட இந்தியர்கள் பெண்ணை ஷிக்ரா என்றும் ஆணைச் சிப்பக் என்றும் இரு வேறு பெயர்களில் அழைத்தார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் தொண்டை. ஷிக்ராவின் வெளிறிய தொண்டை நடுவே மெல்லிய கோடு ஒன்று மங்கலாகத் தெரியும். பெஸ்ராவுக்கு அதே கோடு கருமையாக, அழுத்தமாக இருக்கும். ஸ்பாரோஹாக்குக்கு அந்தக் கோடே கிடையாது. அடுத்தது வால். வளர்ந்த ஷிக்ரா வாலை மடித்து உட்கார்ந்திருந்தால் மேற்புறத்தில் பட்டைகள் அநேகமாகத் தெரியாது. பெஸ்ராவின் வாலில் அகலமான கரும்பட்டைகள். மூன்றாவது கால். ஷிக்ராவின் கால் சற்றுத் தடித்தது. மற்ற இரண்டுக்கும் குச்சிபோல் மெலிந்த கால், நீண்ட நடுவிரல். சிறு பறவைகளைப் பாய்ந்து பிடிப்பதற்கேற்ற அமைப்பு அது.

மிக அதிகமாக ஏமாற்றுவது இளம் ஷிக்ரா. முதுகு பழுப்பு நிறம், மார்பில் கோடுகளும் புள்ளிகளும், வாலில் தெளிவான பட்டைகள். காட்டோரத்தில் இதைப் பார்க்கும் புதியவருக்கு பெஸ்ரா என்று எழுதத்தான் கை துடிக்கும்.

போதாக்குறைக்கு வேடதாரி ஒன்றும் உண்டு. கோடையில் இரவு பகலாகக் கூவி உயிரை வாங்கும் அக்காக்குயில், நிறத்திலும் பறக்கும் தோரணையிலும் அசல் ஷிக்ரா. சின்னக் குருவிகளே ஏமாந்துபோய்ப் பதறுகின்றன. ஆனால் அதற்குக் கொக்கிபோல் வளைந்த அலகு இல்லை. இரையைக் கவ்விப் பிடிக்கும் வலுவான நகங்களும் இல்லை.

பெயர் தவறினால் என்ன குடிமுழுகிவிடும்? கொஞ்சம் முழுகத்தான் செய்யும். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-ல் வெளியான அறிக்கை 942 இனங்களை அலசியது. அதற்கு ஆதாரம், 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகள். அவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் அல்ல, விடியற்காலையில் எழுந்து போகும் சாதாரண மனிதர்கள். வேட்டைப் பறவைகள் பல குறைந்துவருவதாகவும் அந்த அறிக்கை எச்சரித்தது. இந்த நிலையில் ஒவ்வோர் இளம் ஷிக்ராவும் பெஸ்ராவாகப் பதிவானால், காட்டில் அருகிவரும் பறவை காகிதத்தில் பெருகிவிடும். காடு அழிந்த பிறகும் அது அங்கே பறந்துகொண்டிருக்கும், பட்டியலில் மட்டும்.

அதனால்தான் அனுபவசாலிகள், சந்தேகம் வந்தால் 'அடையாளம் தெரியாத சிறு வேட்டைப் பறவை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பட்டியலில் ஓர் இனம் குறையும். பொய் ஒன்றும் குறையும்.

வகைப்பாட்டியல் நிபுணர்களும் இந்தக் குடும்பத்தில் தடுமாறித்தான் போனார்கள். மூன்று பறவைகளையும் ஆக்ஸிபிட்டர் என்ற ஒரே பேரினத்தில் வெகுகாலம் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளின் விளைவாக, பறவை ஆர்வலர்கள் பரவலாகப் பின்பற்றும் பட்டியல் 2024-ல் மாறியது. ஷிக்ராவும் பெஸ்ராவும் டாக்கிஸ்பைசா என்ற பேரினத்துக்குப் போயின. ஸ்பாரோஹாக் மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

லோதி தோட்டத்து அணில்களுக்கு இந்த மாற்றமெல்லாம் தெரியாது. மேலே நிழல் விழுந்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான். கீழே நிற்கும் மனிதர் செய்ய வேண்டியதும் சுலபம்: அடுத்த முறை அது கிளையில் உட்காரும்வரை காத்திருந்து, முதலில் தொண்டையைப் பார்க்க வேண்டும்.