கிக் ரிட்டர்ன் யார்டு சாதனையும் வீரரின் மேன்மையும்

கிக் ரிட்டர்ன் யார்டு என்பது அமெரிக்கக் கால்பந்தில், எதிரணி உதைத்து அனுப்பும் பந்தைப் பிடித்த வீரர் அதை ஏந்திக்கொண்டு முன்னோக்கி ஓடிக் கடக்கும் தொலைவாகும். ஒரு யார்டு என்பது ஒரு கெஜம். ஏறத்தாழ 91 சென்டிமீட்டர். கல்லூரியில் விளையாடிய ஆண்டுகள் முழுவதிலும் ஒருவர் இவ்வாறு சேர்த்த யார்டுகளின் கூட்டுத்தொகையை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு தன் சாதனைப் பதிவேட்டில் குறித்து வைக்கிறது. அப்பட்டியலில் முதலிடம் பெற்றவரே மிகச் சிறந்த கிக் ரிட்டர்னர் என்று பலர் எண்ணுவதுண்டு. ஆனால் இந்த எண் வீரரின் திறனைக் காட்டுவதைவிட, அவருக்குக் கிடைத்த வாய்ப்புகளின் அளவையே மிகுதியாகக் காட்டுகிறது.

ஆட்டத்தில் கிக் ரிட்டர்னரின் பணி

அமெரிக்கக் கால்பந்து, உலகின் பிற நாடுகளில் கால்பந்து எனப்படும் ஆட்டத்திலிருந்து வேறானது. இதில் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியவும் செய்யலாம். களம் 100 யார்டு நீளமுடையது. அதன் இரு முனைகளிலும் 10 யார்டு ஆழமுள்ள எண்ட் ஸோன் என்னும் பகுதி உண்டு. எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது டச்டவுன் எனப்படும். அதற்கு 6 புள்ளிகள்.

ஆட்டத்தின் இரு பாதிகளும் கிக் ஆஃப் எனப்படும் உதையுடன் தொடங்குகின்றன. ஓர் அணி டச்டவுன் அடித்த பின்பும், கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் புள்ளி பெற்ற பின்பும், அதே அணி பந்தை எதிரணிக்கு உதைத்து அனுப்ப வேண்டும். அந்தப் பந்தைப் பிடிக்கக் களத்தின் கடைக்கோடியில் நிற்பவரே கிக் ரிட்டர்னர். பந்து அவர் கையில் விழும் நேரத்தில் எதிரணியினர் முழு வேகத்தில் அவரை நோக்கி ஓடி வந்துகொண்டிருப்பர். தம் அணியினர் தடுத்து உண்டாக்கும் சிறு இடைவெளியை அவர் கணப்பொழுதில் கண்டு அதனுள் நுழைய வேண்டும். வேகம், கூரிய பார்வை, துணிவு, பந்தை நழுவவிடாத கை ஆகிய நான்கும் இப்பணிக்குத் தேவை.

மொத்த யார்டு எவற்றால் உயர்கிறது?

எதிரணி புள்ளி பெறும்போதுதான் ரிட்டர்னருக்குப் பந்து வருகிறது. எதிரணியை ஒரு புள்ளியும் எடுக்கவிடாமல் தடுக்கும் வலிமையான அணியில் உள்ள ரிட்டர்னருக்கு, ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு கிக் ஆஃப் மட்டுமே கிடைக்கக்கூடும். ஆறு ஏழு முறை டச்டவுன் விட்டுக்கொடுக்கும் அணியின் ரிட்டர்னரோ ஒரே மாலையில் ஏழெட்டு முறை ஓடுவார். எனவே தம் அணியின் தடுப்பாட்டம் மோசமாக இருப்பதே மொத்த யார்டு உயர ஒரு காரணமாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம் விளையாடும் ஆண்டுகளும் ஆட்டங்களும். முதலாமாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மைக் கால்பந்து அணியில் ஆட 1972 முதலே என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. அதற்கு முன் ஆடியவர்களுக்குக் கிடைத்தவை மூன்று பருவங்கள் மட்டுமே. பின்னர் ஒரு பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் 11 என்பதிலிருந்து 12 ஆயின. பருவ இறுதியில் நடக்கும் பௌல் ஆட்டங்களின் எண்ணிக்கைகளும் 2002 முதல் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

ஓட்டம், பந்து பிடித்தல், ரிட்டர்ன் ஆகிய அனைத்தையும் கூட்டிச் சொல்லும் மொத்த யார்டுக் கணக்கில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பாரி சாண்டர்ஸ் 1988-இல் 11 ஆட்டங்களில் 3,250 யார்டு சேர்த்தார். அவ்வாண்டு அவர் ஆடிய பௌல் ஆட்டம் கணக்கில் சேரவில்லை. அச்சாதனையை 2015-இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 14 ஆட்டங்களில் 3,864 யார்டு சேர்த்து முறியடித்தார். ஓர் ஆட்டத்துக்கு என்று வகுத்துப் பார்த்தால் சாண்டர்ஸுக்கு 295 யார்டும் மெக்காஃப்ரிக்கு 276 யார்டும் வருகின்றன. பதிவேட்டில் முதலிடம் மாறியது உண்மை. ஆனால் இருவரில் சிறந்தவர் யார் என்ற கேள்வி அதனால் முடிந்துவிடவில்லை.

விதி மாற்றங்களின் பங்கு

கிக் ஆஃப் எந்த இடத்திலிருந்து உதைக்கப்படுகிறது என்பது ரிட்டர்ன்களின் எண்ணிக்கையை நேரடியாக மாற்றும். கல்லூரிக் கால்பந்தில் 2007-இல் உதைக்கும் இடம் 35 யார்டுக் கோட்டிலிருந்து 30 யார்டுக் கோட்டுக்குப் பின்தள்ளப்பட்டது. அதனால் எண்ட் ஸோனைத் தாண்டிப் போகும் உதைகள் குறைந்தன. பிடித்து ஓடக்கூடிய உதைகள் பெருகின. 2012-இல் அது மீண்டும் 35 யார்டுக் கோட்டுக்கு வந்தது. எண்ட் ஸோனுக்குள் வரும் பந்தை ஓடாமல் அங்கேயே நிறுத்திவிடுவதற்கு டச்பேக் என்று பெயர். அவ்வாறு நிறுத்தும் அணி 20 யார்டுக் கோட்டில் ஆட்டத்தைத் தொடங்கி வந்தது. 2012 முதல் அது 25 யார்டுக் கோடாக உயர்த்தப்பட்டது. 2018 முதல், 25 யார்டுக் கோட்டுக்குள் கையை அசைத்து ஓடாமல் பந்தைப் பிடித்தாலும் 25 யார்டுக் கோட்டிலிருந்தே தொடங்கலாம் என்ற விதியும் வந்தது. முழு வேகத்தில் வீரர்கள் மோதிக்கொள்வதால் ஏற்படும் தலைக்காயங்களைக் குறைப்பதே இந்தப் பின்னைய மாற்றங்களின் நோக்கம்.

பெரிய மொத்தங்களை எடுத்தவர்கள் சிலரின் காலத்தை இவ்விதிகளுடன் ஒப்பிடுவது பயனுடையது. வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிராண்டன் வெஸ்ட் 2006 முதல் 2009 வரை ஆடி 3,000 யார்டைத் தாண்டினார். டல்சா பல்கலைக்கழகத்தின் டமாரிஸ் ஜான்சன் 2008 முதல் 2010 வரை மூன்றே பருவங்களில் 3,400 யார்டைக் கடந்து அச்சாதனையைத் தம்வசமாக்கினார். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் டைரன் கேரியர் 2008 முதல் 2011 வரை ஆடி 3,000 யார்டைத் தாண்டினார். மூவரின் பெரும்பகுதி ஆட்டமும் உதைகள் குறுகி விழுந்த 2007–2011 காலத்துக்குள் அடங்குகிறது. இன்று ஒருவர் அதே திறனுடன் ஆடினாலும், பிடித்து ஓடுவதற்கு அத்தனை பந்துகள் அவருக்கு வருவதில்லை. ஆகவே ஒரு மொத்தச் சாதனை நெடுங்காலம் முறியடிக்கப்படாமல் இருப்பதும் மேன்மைக்குச் சான்றாகாது.

அணிக்குப் பயன் தராத யார்டுகள்

பதிவேட்டில் ஏறும் எல்லா யார்டுகளும் அணிக்கு நன்மை செய்பவை அல்ல. 2012-க்குப் பிந்தைய விதிப்படி, எண்ட் ஸோனுக்குள் பந்தைப் பிடித்த ஒருவர் அங்கேயே நின்றிருந்தால் அணிக்கு 25 யார்டுக் கோடு கிடைத்திருக்கும். அவர் ஓடி வந்து 20 யார்டுக் கோட்டில் வீழ்த்தப்பட்டால் அவர் கணக்கில் 20 யார்டு கூடுகிறது. அணி 5 யார்டு இழக்கிறது. 30 யார்டு ஓடிய பின் பந்தை நழுவவிட்டு எதிரணியிடம் பறிகொடுத்தாலும் அந்த 30 யார்டு அவர் பெயரில் நிலைத்துவிடும். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இழப்புகள் தெரியாது.

சராசரி சொல்வது

மொத்தத்துக்கு மாற்றாகச் சொல்லப்படுவது சராசரி, அதாவது ஒரு ரிட்டர்னுக்கு எத்தனை யார்டு என்பது. கிரிக்கெட் அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. டெஸ்ட் போட்டிகளில் சச்சின் டெண்டுல்கர் எடுத்த ஓட்டங்கள் 15,921. டான் பிராட்மன் எடுத்தவை 6,996 மட்டுமே. ஆயினும் 99.94 என்ற சராசரியே பிராட்மனின் பெயரைத் தனித்து நிறுத்துகிறது.

கல்லூரிக் கால்பந்தில் அத்தகைய பெயர் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆந்தனி டேவிஸ். 1972 முதல் 1974 வரை அவர் 37 ரிட்டர்ன்களில் ஏறத்தாழ 1,300 யார்டு சேர்த்தார். ஜான்சனின் மொத்தத்தில் இது பாதிக்கும் குறைவு. ஆனால் ஒரு ரிட்டர்னுக்கு 35.1 யார்டு என்ற அவரது சராசரி மிக அரியது. அந்த 37 ஓட்டங்களில் 6 டச்டவுனில் முடிந்தன. 1972-இல் நோட்டர் டேம் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவர் அடித்த 6 டச்டவுன்களில் 2 கிக் ஆஃபைத் திருப்பி எடுத்தவை. 1974-இல் அதே எதிரணியிடம் தென் கலிபோர்னியா 0–24 எனப் பின்தங்கி, இடைவேளையின்போது 6–24 என்றிருந்தது. இரண்டாம் பாதியின் முதல் உதையை டேவிஸ் எண்ட் ஸோனுக்குள் பிடித்துக் களத்தின் மறுமுனை வரை ஓடி டச்டவுன் அடித்தார். ஆட்டம் 55–24 என்று முடிந்தது. கல்லூரிக் கணக்கில் எண்ட் ஸோனுக்குள் ஓடிய தொலைவு சேர்வதில்லை என்பதால் அந்த ஓட்டம் 100 யார்டாகவே கொள்ளப்படுகிறது.

சராசரிக்கும் குறைகள் உண்டு. சில ரிட்டர்ன்களே எடுத்தவரின் சராசரியை ஒரே ஒரு நீண்ட ஓட்டம் உயர்த்திவிடும். இதனால்தான் பதிவேடுகள் குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றை நிபந்தனையாக வைக்கின்றன. மேலும் டேவிஸுக்கு முன்னால் நின்று வழி திறந்தவர்கள் 1972-இல் தேசிய வெற்றியாளராக விளங்கிய அணியின் வீரர்கள். அந்தப் பங்கைச் சராசரியும் பிரித்துக் காட்டுவதில்லை.

எதிரணியின் அச்சம்

ஒரு ரிட்டர்னர் மிகச் சிறந்தவராக இருந்தால் எதிரணிகள் அவரிடம் பந்தை உதைப்பதையே தவிர்க்கும். தரையோடு உருளும்படியோ குட்டையாகவோ உதைத்து வேறொருவர் கைக்குப் பந்தை அனுப்பும். அப்போது அவருடைய மொத்த யார்டு குறைகிறது. ஆனால் அவருடைய அணி சிரமமின்றி நல்ல இடத்தில் ஆட்டத்தைத் தொடங்குகிறது. திறன் கூடக் கூட எண் குறையும் இந்த முரண், தொழில்முறை ஆட்டமான என்.எஃப்.எல்.-இல் டெவின் ஹெஸ்டரிடம் வெளிப்பட்டது.

மியாமி பல்கலைக்கழகத்தில் ஆடிய ஹெஸ்டர், சிகாகோ பேர்ஸ் அணியின் வீரராக 2007 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தின் முதல் உதையையே 92 யார்டு ஓடி டச்டவுனாக்கினார். அதன் பின் அந்த ஆட்டத்தில் இண்டியானாபொலிஸ் அணி அவர் பக்கம் பந்தை உதைப்பதைத் தவிர்த்தது. எதிரணி உதைத்த பந்தைத் திருப்பி அவர் மொத்தம் 20 டச்டவுன்கள் அடித்தார். ஆனால் கிக் ஆஃப் யார்டில் என்.எஃப்.எல். சாதனை 14,014 யார்டு சேர்த்த பிரையன் மிட்செலுடையது. ஹெஸ்டர் சேர்த்தது அதில் ஏறத்தாழ பாதி. ஆயினும் முதன்மையாக ரிட்டர்னராகவே அறியப்பட்ட வீரர்களில், புகழ்பெற்றோர் மன்றத்துக்கு 2024-இல் முதலாவதாகத் தேர்வானவர் ஹெஸ்டர். தகுதி பெற்ற மூன்றாம் ஆண்டில்தான் அவருக்கும் அது கிடைத்தது. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. யார்டுச் சாதனைக்குரிய மிட்செல் கல்லூரியில் ரிட்டர்னராகப் பெயர் பெற்றவர் அல்லர், குவாட்டர்பேக்காக ஆடியவர்.

சாதனையாளர்களின் பிற்காலம்

கல்லூரிச் சாதனை பிற்காலத்தை முன்னறிவிப்பதும் இல்லை. அனைத்து வகைகளிலும் சேர்த்து 7,796 யார்டு எடுத்த டமாரிஸ் ஜான்சனை, 2012-இல் என்.எஃப்.எல். அணிகள் ஏழு சுற்றுத் தேர்வில் ஒன்றிலும் எடுக்கவில்லை. தனியே ஒப்பந்தம் பெற்றுப் பிலடெல்பியா அணியில் சேர்ந்த அவர், அவ்வாண்டு டிசம்பரில் டல்லாஸுக்கு எதிராக ஓர் உதையை 98 யார்டு திருப்பி ஓடி டச்டவுன் அடித்தார். 7 கிக் ஆஃப் டச்டவுன்கள் என்ற கல்லூரிச் சாதனையைப் பகிர்ந்துகொண்டவர்களில் கிளெம்சனின் சி.ஜே. ஸ்பில்லர் 2010-இலும், சான் டியேகோ ஸ்டேட்டின் ராஷாட் பென்னி 2018-இலும் முதல் சுற்றிலேயே தேர்வாயினர். மெம்பிஸின் டோனி பொல்லார்ட் 2019-இல் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்டார். அதே சாதனையை உடைய டைரன் கேரியரை எந்த அணியும் எடுக்கவில்லை.

மொத்தம் உணர்த்தும் உண்மை

இவற்றால் மொத்த யார்டு பொருளற்றது என்று ஆகிவிடாது. ஆட்டத்திலேயே மிக ஆபத்தான பணிகளில் ஒன்றைப் பருவந்தோறும் காயத்துக்கு இரையாகாமல் ஒருவர் செய்திருக்கிறார் என்பதை அது காட்டுகிறது. பந்தை நழுவவிடுபவரைப் பயிற்சியாளர் அந்த இடத்தில் நீண்ட நாள் நிறுத்தமாட்டார். எனவே 100-க்கும் மேற்பட்ட ரிட்டர்ன்கள் எடுத்தவர் அவருடைய நம்பிக்கையைப் பெற்றவராகவே இருக்க வேண்டும். நிலைத்து நின்று உழைப்பதும் ஒரு திறனே. அதைக் குறைத்து மதிப்பிடுவது அந்த வீரருக்கு அநீதியாகும்.

ஆனால் மேன்மையை அளக்க வேறு கேள்விகளும் வேண்டும். ஒரு ரிட்டர்னுக்கு அவர் எத்தனை யார்டு எடுத்தார்? ஓடாமல் நின்றிருந்தால் கிடைத்திருக்கும் இடத்தைவிட அணியை எவ்வளவு முன்னே கொண்டு சென்றார்? எத்தனை முறை டச்டவுன் அடித்தார், எத்தனை முறை பந்தை இழந்தார்? எந்த விதிகளின் கீழ் ஆடினார்? எதிரணிகள் அவரிடம் பந்தை விரும்பி உதைத்தனவா, ஒதுக்கி உதைத்தனவா? இக்கேள்விகளுக்கும் நல்ல விடை தரும் ரிட்டர்னரிடம் மொத்தச் சாதனையும் இருந்தால் அது அவருடைய மேன்மையை உறுதிப்படுத்தும். மொத்தம் மட்டுமே இருந்தால், அவர் நெடுங்காலம் அணிக்குப் பயன்பட்ட உழைப்பாளி என்பதற்கு அது போதுமான சான்று.