‘பால் பத்தலை’ என்று யார் சொன்னது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் கம்பெனிகளுக்குப் பட்டாபிராம், திருநின்றவூர் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் மின்சார ரயிலில் வந்து இறங்குகிறார்கள். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய ஒரு பெண்ணுக்கு முற்பகலுக்குள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும். கழிப்பறையில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, ஈரம் தெரியாமல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி மெஷின் முன்னால் உட்கார வேண்டும். சில வாரம் போனால் கொட்டுவதற்கும் இருக்காது. “பால் வத்திப்போச்சு, டப்பா பால் வாங்கிட்டு வா” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பால் வற்றிய விதத்தைப் பார்க்க வேண்டும். குழந்தை சப்பும்போது காம்பின் நரம்புகள் மூளைக்குச் சேதி சொல்கின்றன. பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கும். ஆக்சிடோசின், சுரந்த பாலை நுண்பைகளிலிருந்து பிதுக்கி வெளியே தள்ளும். வலி, பதற்றம், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் எல்லாமே ஆக்சிடோசினைத் தாமதப்படுத்தும். மார்புக்குள்ளேயே இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பால் தேங்கினால் சுரப்பு குறையும். காலியாகக் காலியாகக் கூடும். நாள்தோறும் பத்து மணி நேரம் தேங்கவிட்டால், இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு முடிவெடுத்துவிடுகிறது. பால் ஊறும் என்று கொடுக்கும் சுறாப்புட்டும் பூண்டும் நல்ல சாப்பாடுதான், தாய்க்குத் தெம்பு தரும். ஆனால் மார்பு காலியாகாதவரை எதைச் சாப்பிட்டாலும் பால் பெருகாது. டப்பா பால் இரண்டு வேளை நுழைந்தால் குழந்தை இரண்டு வேளை சப்பாது. சுரப்பு இன்னும் இறங்கும். புரோலாக்டின் இரவில்தான் அதிகம் என்பதால், வேலைக்குப் போகும் தாய்மார் இரவுப் பாலை விடவே கூடாது.

‘பால் பத்தலை’ என்ற பேச்சு பலருக்குப் பிரசவ வார்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆனாலும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60.2 சதவீதம்தான். 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன் என்பது இதற்கு ஒரு காரணம். முதல் நாட்களில் ஊறும் சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும். அன்றைக்குக் குழந்தைக்கு அவ்வளவு போதும். அதைப் பார்த்துப் பயந்து சர்க்கரைத் தண்ணியோ பவுடர் பாலோ கொடுத்தால், சுரப்பைத் தூண்ட வேண்டிய நேரம் வீணாகிவிடும். முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுமானது. அழுகையை வைத்து அளக்க முடியாது.

இந்தப் பாலுக்கு ஈடு எந்த டப்பாவிலும் இல்லை என்பதற்கு என்னை வியக்க வைக்கும் சான்று ஒன்று உண்டு. தாய் குடிக்கும் தண்ணீர் வழியாக ஒரு கிருமி குடலுக்குள் போனால், அங்கே அதை அடையாளம் கண்ட எதிர்ப்பு செல்கள் மார்புக்குப் பயணப்பட்டு, அதே கிருமிக்கான எதிர்பொருளைப் பாலில் சேர்க்கின்றன. ஆவடியில் வாழும் தாயின் பாலில் ஆவடிக் கிருமிகளுக்கான தடுப்பு இருக்கிறது. குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரையும் தாய்ப்பாலில் ஏராளம். அது குடலில் வளரும் நல்ல பாக்டீரியாக்களுக்கான தீனி.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விடுப்புக் கணக்கு இதோடு ஒத்துவருகிறதா? 2017 சட்டத் திருத்தம் தனியார் துறைப் பெண்களின் 12 வார விடுப்பை, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 ஆக்கியது. அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறவர் அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 18 வாரம். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்ததுமே வேலைக்குக் கிளம்ப வேண்டும். மாநில அரசு ஊழியருக்கோ 2021 ஜூலையிலிருந்து 12 மாத விடுப்பு. இந்த இடைவெளி எனக்குச் சரியாகப் படவில்லை.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டத்தில் உண்டு. குழந்தை திருநின்றவூரில் இருக்க, அம்பத்தூரில் கிடைக்கும் அந்த இடைவேளையை வைத்து ஒரு தாய் என்ன செய்வார்? பீய்ச்சிச் சேமிக்கலாம். 25 டிகிரி வெப்பத்தில் தாய்ப்பால் நாலு மணி நேரம் தாங்கும். நம்மூரில் மார்கழிப் பகலே அதைத் தாண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலு நாள் வரை கெடாது. ஆக, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, கை கழுவக் குழாய், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் இருந்தால் பால் வற்றாது. 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. நாள் முழுக்கப் பெண்கள் உழைக்கும் இடத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். அதற்குக் குறைவான பட்டறைகளை அந்த விதி தொடாது. ஆனால் பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தச் சட்டம் இடம் தருகிறது. சுவருக்குச் சுவர் பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் அம்பத்தூருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் கூடி முடிவெடுத்தால் சின்னப் பட்டறைப் பெண்களையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.