தூரத்திற்குத் தரும் வாடகை

ஒரு வீட்டின் விலை என்ன என்று கேட்டால், மனையின் விலையையும் கட்டடச் செலவையும் கூட்டிச் சொல்லிவிடுகிறோம். அவ்வீட்டிலிருந்து பணியிடத்திற்கும் கடைக்கும் பள்ளிக்கும் சென்று வரும் செலவையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு அமெரிக்கப் புறநகர்களின் வரலாற்றைச் சான்றாகக் காட்டுவேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் வீட்டுப் பஞ்சம் மிகுந்தது. நியூயார்க் நகருக்குக் கிழக்கே, லாங் தீவின் உருளைக்கிழங்கு வயல்களில், 1947-ஆம் ஆண்டு லெவிட்டவுன் என்னும் ஊர் எழத் தொடங்கியது. 1951-க்குள் அங்கே 17,000-க்கு மேற்பட்ட வீடுகள் நின்றன. போரிலிருந்து மீண்ட வீரர்கள் பெற்ற கடனுக்கு அரசே பிணை நின்றது. ஆகவே எளிய தவணையில் வீடு கிடைத்தது. கறுப்பின மக்களுக்கு மட்டும் அவ்வூரின் கதவு அடைக்கப்பட்டிருந்தது என்பதையும் மறைத்தலாகாது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழிவகுத்தது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசு ஏற்றது. சாலை நீள நீள, ஊரும் நீண்டது.

குடியிருப்பு ஓரிடம், கடைத்தெரு வேறிடம் எனப் பிரிக்கும் விதிகளை 1926-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதனால், உப்பு வாங்கவும் கார் ஏற வேண்டியதாயிற்று. பேருந்து விடலாகாதோ என நீங்கள் கேட்கலாம். வீடுகள் நெருங்கியிருந்தால் ஒரு நிறுத்தத்தில் பலர் ஏறுவர். பரந்து கிடந்தாலோ, பேருந்து நெடுந்தூரம் சுற்றியும் சிலரையே ஏற்றும். வருவாய் குறையும், வண்டிகள் குறையும், காத்திருந்து சலித்தவர் கார் வாங்குவர். மீண்டும் பேருந்தின் வருவாயே குறையும்.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. மலிவு என்று தொலைவில் குடியேறியவர்கள் அன்றுதான் தூரத்தின் விலையை உணர்ந்தனர். புதிய கார் ஒன்றை வைத்திருந்து ஓட்ட ஆண்டிற்கு 12,000 டாலருக்கு மேல் ஆகும் என்று அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2023-இல் கணக்கிட்டது. பெட்ரோலோடு காப்புறுதி, பழுது, வட்டி, தேய்மானம் ஆகியவையும் இதில் அடங்கும். அந்நாட்டுக் குடும்பச் செலவுகளில் வீட்டிற்கு அடுத்த இடம் போக்குவரத்திற்கே.

பணமுள்ளவர் இச்சுமையைத் தாங்குவர். கார் ஓட்டவியலாத முதியோரும், வாங்கவியலாத வறியோரும், வயது நிரம்பாத சிறுவரும் என் செய்வர்? பிறர் கொண்டுவிட்டாலன்றி அவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

மாணவ நண்பர்களே, நாளை ஊர்களைத் திட்டமிடப்போகிறவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். மனை எவ்வளவு மலிவு என்று கேட்பதற்கு முன், அங்கிருந்து ஒரு சிறுவன் பள்ளிக்கு நடந்து செல்ல முடியுமா என்று கேளுங்கள்.