தந்தை கைவிட்ட பிள்ளை... பத்துப் பிள்ளைகளின் தந்தை!

1152-ம் ஆண்டு. இங்கிலாந்தின் நியூபரி கோட்டையை மன்னர் ஸ்டீபனின் படை முற்றுகையிட்டிருந்தது. கோட்டைக்குச் சொந்தக்காரரான ஜான் மார்ஷல், சரணடைய அவகாசம் கேட்டு, தன் மகனைப் பிணையாகக் கொடுத்தார். சிறுவனுக்கு ஐந்தாறு வயதுதான் இருக்கும்.

கிடைத்த அவகாசத்தில் ஜான் செய்தது வேறு. கோட்டைக்குள் ஆட்களையும் உணவையும் நிரப்பிக்கொண்டார். மகனைத் தூக்கிலிடப் போவதாக மன்னர் மிரட்டியபோதும் அவர் அசையவில்லை. இதைவிட நல்ல பிள்ளைகளை உருவாக்கத் தன்னிடம் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இருப்பதாகப் பதில் அனுப்பினாராம்!

தூக்குமரத்துக்குப் போகும் வழியில், ஒரு பிரபுவின் கையிலிருந்த ஈட்டியைப் பார்த்து, விளையாடத் தரும்படி சிறுவன் கேட்டான். மன்னரின் மனம் இளகியது. அவனைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பிவிட்டார். அந்தச் சிறுவன்தான் வில்லியம் மார்ஷல். பின்னாளில் இங்கிலாந்தையே காப்பாற்றியவர்.

போட்டிகளில் கிடைத்த வாழ்வு

1066-ல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றியவர்களின் வழிவந்த பிரபுக்கள்தான் ஆங்கிலோ-நார்மன்கள். இருந்தது இங்கிலாந்தில், பேசியது பிரெஞ்சு. 'மார்ஷல்' என்பது, அரண்மனைக் குதிரைகளையும் படை ஒழுங்கையும் கவனிக்கும் பரம்பரைப் பதவி. வில்லியம் இளைய பிள்ளை என்பதால் சொத்து கிடைக்க வழியில்லை. நார்மண்டிக்குப் போய்ப் போர்ப்பயிற்சி பெற்று, 'நைட்' எனப்படும் குதிரைவீரர் ஆனார்.

அக்காலத்தில் டோர்னமென்ட் என்பது விளையாட்டு மட்டுமல்ல, பிழைப்பும்கூட. எதிரணி வீரனைப் பிடித்தால் அவனுடைய குதிரை கிடைக்கும். மீட்புப் பணமும் கிடைக்கும். இப்படி ஐந்நூறு வீரர்களைப் பிடித்ததாக வில்லியமே பிற்காலத்தில் கணக்குச் சொன்னார்.

இஸபெல் வந்தாள்

1189-ல் மன்னர் முதலாம் ரிச்சர்ட், இஸபெல் டி கிளேர் என்ற பெண்ணை வில்லியமுக்கு மணமுடித்து வைத்தார். மாப்பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பெண்ணுக்குச் சுமார் பதினேழு. அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர், வேல்ஸில் பெம்புரோக் பகுதி நிலங்கள் என அவளுடைய சீதனமே ஒரு சிற்றரசு. வில்லியம் பெரும் பிரபுவானது இப்படித்தான்.

அதை அவர் மறக்கவில்லை. 1207-ல் மன்னர் ஜானின் அழைப்பை ஏற்று அயர்லாந்தை விட்டுக் கிளம்பியபோது, அங்கிருந்த பிரபுக்களைக் கூட்டி, இந்த மண் பிறப்பால் இஸபெலுக்கு உரியது, தனக்கு அவளால் வந்தது என்றார். அப்போது அவள் கர்ப்பிணி. எதிரிகள் கலகம் செய்தபோதும் அவள் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால், விதியின் விளையாட்டைப் பாருங்கள். மன்னர் ஜானின் சந்தேகத்தால், வில்லியம் தன் மூத்த மகன்கள் இருவரையும் பிணையாகக் கொடுக்க வேண்டிவந்தது. தான் சிறுவயதில் நின்ற அதே இடத்தில் தன் பிள்ளைகள்! நல்லவேளையாக இருவரும் உயிரோடு திரும்பினார்கள்.

எழுபதில் ஒரு போர்

1216-ல் ஜான் இறந்தபோது, அவருடைய மகன் மூன்றாம் ஹென்றிக்கு வயது ஒன்பது. நாட்டில் பாதி பிரெஞ்சு இளவரசர் லூயியின் பிடியில். ஆட்சிப் பொறுப்பு எழுபதை நெருங்கிய வில்லியமின் தோளில் விழுந்தது. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா சாசனத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டு, கலகக்காரர்களைச் சமாதானப்படுத்தினார். 1217 மே 20 அன்று லிங்கன் நகரில் நேரில் களமிறங்கினார். அவசரத்தில் தலைக்கவசத்தை மறந்துவிட, உதவியாளன்தான் நினைவுபடுத்தினானாம். அன்று வெற்றி அவர் பக்கம்.

கடைசி நாட்கள்

1219-ல் கேவர்ஷாமில் படுக்கையில் விழுந்தார். கடைசி மகன் ஆன்செல்முக்கு முதலில் நிலம் எதுவும் எழுதவில்லை. தன்னைப்போல் உழைத்து முன்னேறட்டும் என்று நினைத்தார். நெருங்கியவர்கள் வற்புறுத்தியதும் மனம் மாறி, அவனுக்கும் ஒரு பங்கு கொடுத்தார். இன்னும் மணமாகாத கடைசி மகள் ஜோனுக்கும் நிலமும் பணமும் ஒதுக்கினார்.

ஒருநாள் பாட வேண்டும்போல் இருந்தது. உடம்பு இடம் கொடுக்கவில்லை. மகள்களை அழைத்துப் பாடச் சொன்னார். வெட்கப்பட்டுத் தயங்கிய ஜோனுக்கு எப்படிப் பாட வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார்.

டெம்ப்ளர் துறவி வீரர்களின் சபையில் சேரும்போது, இனி பெண்களைத் தொடக் கூடாது என்ற விதி இருந்ததால், இஸபெலைக் கடைசியாக முத்தமிட்டு விடைபெற்றார். இருவரும் அழுதார்கள். மே 14 அன்று உயிர் பிரிந்தது. லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டே இஸபெலும் போய்ச் சேர்ந்தாள்.

மகள்களால் வாழ்ந்த வம்சம்

ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். ஆண் வாரிசுக்குக் குறைவே இல்லை என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால், வில்லியம், ரிச்சர்ட், கில்பர்ட், வால்டர், ஆன்செல்ம் என ஐவரும் அடுத்தடுத்து பட்டத்துக்கு வந்து, சட்டபூர்வ வாரிசு இல்லாமலே இறந்தார்கள். கில்பர்ட்டின் உயிர் போனது, தந்தைக்கு வாழ்வு தந்த அதே டோர்னமென்டில்! 1245-க்குள் ஆண்வழி முற்றுப்பெற்றது. ஓர் அயர்லாந்து ஆயரின் சாபம் பலித்தது என்று பேசிக்கொண்டார்கள்.

சொத்துகள் மகள்களின் குடும்பங்களுக்குப் பிரிந்தன. மார்ஷல் பதவி மூத்த மகள் மாட் வழியே அவளுடைய மகனுக்குப் போனது. இன்னொரு மகள் இஸபெலின் கொள்ளுப்பேரன்தான் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற மன்னர் ராபர்ட் புரூஸ்.

இந்தக் கதைகளில் பல நமக்குத் தெரியக் காரணம், மூத்த மகன் எழுதவைத்த பத்தொன்பதாயிரம் வரிகளுக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வாழ்க்கை வரலாற்றுக் கவிதை. பல நூற்றாண்டுகள் மறந்து கிடந்த ஒரே பிரதி, 19-ம் நூற்றாண்டில்தான் பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞரின் கண்ணில் பட்டது.

எத்தனை பிள்ளை வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளலாம் என்று மகனைக் கைவிட்டார் ஜான் மார்ஷல். அந்த மகனோ, வெட்கப்பட்ட பெண்ணுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். அவருடைய வம்சத்தை வாழவைத்தவர்களும் அந்தப் பெண்கள்தான்!