தொழிலையும் சொல்லிக் கொடுப்போம்

அஸ்தினாபுரத்தில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பெற்றோரின் தொழிலைக் கேட்டபோது, தச்சரின் மகன் தலைகுனிந்தான். எல்லார் முன்னிலையிலும் கேட்டது என் தவறுதான்.

மறுநாள் பாடத்தை மாற்றினேன். கொடிகாத்த குமரன் 1904-இல் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் ஊர்வலத்தில் தடியடிபட்டு விழுந்தபோதும் கொடியை விடவில்லை, மறுநாள் உயிர்நீத்தார். அமெரிக்காவின் பால் ரிவியர் வெள்ளி வேலை செய்த கைவினைஞர். 1775 ஏப்ரல் 18 இரவு குதிரையேறிச் சென்று, ஆங்கிலேயப் படை வரும் செய்தியை லெக்சிங்டனில் சொன்னார். அதன்பின் அவர் வழியில் பிடிபட, கான்கார்டுக்குச் செய்தி சேர்த்தவர் உடன்வந்த மருத்துவர் பிரெஸ்காட்.

மணி அடித்தபின், அந்த மாணவன் நோட்டைக் காட்டினான்: அப்பாவின் உளியும் இழைப்புளியும்.

ஆசிரிய நண்பர்களே, வீரர்களின் பெயரோடு அவர்கள் செய்த தொழிலையும் சொல்லிப் பாருங்கள்.